வேலைக்கும் கேமுக்கும் ஒரே மானிட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

யாராவது மானிட்டர் வாங்க யோசனை கேட்டால் நான் முதலில் பட்ஜெட்டைக் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அதில் எழுத்தைப் படிக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். ஏழெட்டு மணி நேரம் என்று பதில் வரும். எக்செல், மெயில், கோடிங், பிடிஎஃப், ஏகப்பட்ட டேப் திறந்து கிடக்கும் பிரவுசர். ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் வாலரன்ட்டோ ஜிடிஏவோ ஏதாவது கிரிக்கெட் கேமோ. ஆனால் கடைக்குப் போனதும், அல்லது ஆன்லைனில் தேட ஆரம்பித்ததும், அந்த ஒரு மணி நேரத்துக்கான எண்கள்தான் பெரிதாகக் கண்ணில் படும்: 180 ஹெர்ட்ஸ், 1 மில்லிசெகண்ட், எச்டிஆர், கர்வ்டு. மீதி எட்டு மணி நேரம் கண்ணுக்கு எப்படி இருக்கும் என்பதை எந்தப் பெட்டியிலும் எழுத மாட்டார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் எழுத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன், கேம் அப்புறம் வரும்.

என் தங்கை வீட்டிலிருந்தே தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறாள். லேப்டாப் திரை சின்னதாக இருக்கிறது என்று 27 இன்ச் மானிட்டர் வாங்கினாள், ஃபுல் எச்டி, விலையும் கையைக் கடிக்கவில்லை. வந்த அன்று எல்லோருக்கும் சந்தோஷம், படம் பார்க்க அவ்வளவு பெரிதாக இருந்தது. இரண்டு வாரத்தில் தலைவலி என்றாள். போய்ப் பார்த்தேன். 'க்' மேலே இருக்கும் புள்ளி எழுத்தோடு ஒட்டிக் கசங்கித் தெரிகிறது, 'ண'வுக்கும் 'ன'வுக்கும் எத்தனை சுழி என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது, அவள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் படிக்கிறாள். மானிட்டரில் ஒரு பழுதும் இல்லை. அளவும் ரெசல்யூஷனும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். மானிட்டர் வாங்கும்போது புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான் என்பேன்.

திரை என்பது கட்டம் போட்ட நோட்டு மாதிரி, சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. அந்தக் கட்டம்தான் பிக்சல். ஃபுல் எச்டி என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080, மொத்தம் கிட்டத்தட்ட 20.7 லட்சம் பிக்சல்கள். இந்த எண்ணிக்கைதான் ரெசல்யூஷன், இது திரை 22 இன்ச்சாக இருந்தாலும் 32 இன்ச்சாக இருந்தாலும் மாறாது. திரை பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு கட்டமும் பெரிதாகும், அவ்வளவே. கட்டம் பெரிதானால் எழுத்தின் வளைவுகள் படிக்கட்டு மாதிரி தெரியும். ஆங்கில எழுத்துகளில் நேர்கோடுகள் அதிகம், ஓரளவு சமாளித்துவிடும். தமிழில் ஞ, ழ, இ, ஐ என்று எல்லாமே சுழிப்பு, அந்தச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் சரியாகத் தெரிய நிறைய பிக்சல் வேண்டும். தமிழில் வேலை பார்ப்பவர்கள் இதில் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஒரு இன்ச் நீளத்தில் எத்தனை பிக்சல் வருகிறது என்று கணக்கிடுவார்கள், பிபிஐ என்று பெயர். 24 இன்ச் ஃபுல் எச்டியில் சுமார் 92 வரும். அதே ஃபுல் எச்டி 27 இன்ச்சில் 82 ஆக இறங்கிவிடும். 27 இன்ச்சில் 2560 × 1440 என்ற ரெசல்யூஷன் எடுத்தால், கடைகளில் 2கே என்றோ கியூஎச்டி என்றோ சொல்வார்கள், 109 ஆக ஏறும். விண்டோஸ் எழுத்தையும் ஐகானையும் வரையும் கணக்கு காலங்காலமாக 96-ஐ அடிப்படையாக வைத்தது. அதனால் 92-ம் 109-ம் எந்த செட்டிங்கையும் மாற்றாமலே கண்ணுக்கு வாகாக இருக்கும். ஆகவே 24 இன்ச் என்றால் ஃபுல் எச்டி போதும், 27 இன்ச் என்றால் 2கே எடுங்கள். 27 இன்ச் ஃபுல் எச்டியை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து படமும் கேமும் மட்டும் பார்ப்பவர்களுக்குத்தான் சொல்வேன். தங்கையின் மானிட்டர் இப்போது அந்த வேலையைத்தான் செய்கிறது, மாப்பிள்ளை ஹாலில் வைத்து கன்ட்ரோலரோடு விளையாடுகிறார், நன்றாகவே இருக்கிறது. என்னிடம் இருந்த 24 இன்ச் அவள் மேஜைக்குப் போய்விட்டது.

4கே எப்படி என்று கேட்பார்கள். 27 இன்ச்சில் 4கே, அதாவது 3840 × 2160, என்றால் எழுத்து அச்சடித்த புத்தகம் மாதிரி இருக்கும், உண்மைதான். ஆனால் 83 லட்சம் பிக்சல். கேம் ஓடும்போது அத்தனையையும் கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது கணினிக்குள் படத்தை வரையும் பாகம், ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு தனிப் படத்துக்கும், வரைய வேண்டும், ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு வேலை. குறைந்த பட்ஜெட்டில் கணினி வைத்திருப்பவர்களுக்கு அது ஒத்துவராது. படிப்பதும் எழுதுவதும் மட்டும்தான், கேம் பேருக்குத்தான் என்றால் யோசிக்கலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய வீடுகளில் நடக்கிறது. பழைய 32 இன்ச் டிவி சும்மா கிடக்கிறது, அதையே மானிட்டராகப் போட்டுக்கொள்ளலாமே என்று. நம் ஊரில் விற்ற 32 இன்ச் டிவிகளில் பெரும்பகுதி வெறும் எச்டி, அதாவது 1366 × 768. கணக்குப் போட்டால் 49 பிபிஐதான் வரும். பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்க்க அது போதும், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து எக்செல் பார்க்க முடியாது. தயவுசெய்து பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்புக்கு அப்படிப் போட்டுக்கொடுக்காதீர்கள்.

சரி, அடுத்து பேனல், அதாவது படத்தைக் காட்டும் திரைப் பலகை. குறைந்த விலையில் மூன்று வகை: டிஎன், விஏ, ஐபிஎஸ். டிஎன் பழையது, வேகமானது, ஆனால் நேராக உட்கார்ந்து பார்த்தால்தான் நிறம் சரியாக இருக்கும். கொஞ்சம் கீழிருந்து பார்த்தால் முகங்களே நெகட்டிவ் மாதிரி மாறிவிடும். இப்போது வாங்கத் தேவையில்லை. ஐபிஎஸ்ஸில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது, எழுத்து தெளிவு, வேகமும் இன்று நன்றாகவே வந்துவிட்டது. அதன் குறை கறுப்பு. ஐபிஎஸ்ஸில் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், பொதுவாக 1000:1 வாக்கில் இருக்கும், விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக் காட்சி பார்த்தால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், மூலைகளில் லேசாக ஒளி கசியும். விஏவில் கான்ட்ராஸ்ட் 3000:1 வாக்கில், சிலவற்றில் அதற்கு மேலும் வரும், கறுப்பு நல்ல கறுப்பு, இருட்டில் படம் பார்க்க அருமை. ஆனால் விலை குறைந்த விஏ பேனல்களில் இருண்ட நிறங்கள் மாறுவதற்கு நேரம் எடுக்கும்; இருட்டான குகைக்குள் ஓடுகிற கேமில் திரும்பினால் பின்னாலேயே மை இழுத்த மாதிரி ஒரு தடம் வரும். கறுப்புப் பின்னணியில் கோடிங் பண்ணுகிறவர்கள் வேகமாக ஸ்க்ரோல் செய்தாலே இது தெரியும். குறைந்த பட்ஜெட்டில் வேலையும் கேமும் கலந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஐபிஎஸ் எடுக்கலாம். குறைந்த விலையில் கிடைக்கும் வளைந்த திரை மானிட்டர்களில் பெரும்பாலானவை விஏதான் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். 24 இன்ச்சில் வளைவால் பெரிய பயன் எதுவும் இல்லை, 34 இன்ச் அகலத் திரைக்குத்தான் அது தேவை.

இப்போது ஹெர்ட்ஸ். திரை ஒரு வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற எண் இது. 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லிசெகண்ட். 100 என்றால் 10. 144 என்றால் சுமார் 7. 180 என்றால் 5.6. இந்த இடைவெளிகளைக் கவனித்துப் பாருங்கள்: 60-லிருந்து 100-க்குப் போனால் கிட்டத்தட்ட 7 மில்லிசெகண்ட் மிச்சம், 144-லிருந்து 180-க்குப் போனால் ஒன்றரைகூட இல்லை. அதனால் முதல் படி ஏறும்போது எல்லோருக்கும் வித்தியாசம் தெரியும், மவுஸ் அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போகும், பக்கம் ஸ்க்ரோல் ஆகும்போதே எழுத்தைப் படிக்க முடியும். இது கேமே விளையாடாதவர்களுக்கும் கிடைக்கும் லாபம், அதனால்தான் இன்று 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் மானிட்டரை யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 100 ஹெர்ட்ஸ் சாதாரண ஆபீஸ் மானிட்டரிலேயே வந்துவிட்டது.

அதற்கு மேலே போவது உங்கள் கணினியைப் பொறுத்தது. மானிட்டர் 180 முறை காட்டத் தயாராக இருக்கலாம், கிராஃபிக்ஸ் கார்டு வினாடிக்கு 50 ஃபிரேம்தான் தருகிறது என்றால் அந்த 50-ஐத்தான் காட்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் வாலரன்ட் மாதிரி லேசான கேம்கள் ஓரளவு நன்றாக ஓடும், கனமான கதை கேம்கள் 40, 50-லேயே தடுமாறும். அப்படிப்பட்டவர்கள் 144-க்கும் 180-க்கும் காசு கொடுப்பதைவிட அந்தப் பணத்தில் நல்ல நாற்காலி வாங்கலாம், இல்லையென்றால் ரேம் ஏற்றலாம். நல்ல கார்டு இருக்கிறது, துப்பாக்கி கேம்தான் உயிர் என்றால் 144-க்கு மேல் எடுங்கள், அதில் தப்பே இல்லை.

இந்த இடத்தில் உண்மையிலேயே உதவுகிற ஒரு வசதி உண்டு, அடாப்டிவ் சிங்க். கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனங்களில் ஏஎம்டி அதற்கு ஃபிரீசிங்க் என்றும் என்விடியா ஜி-சிங்க் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். கார்டு ஃபிரேமைத் தரும் வேகம் ஏறி இறங்கும்போது மானிட்டரும் அதற்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். படம் நடுவில் கிழிந்த மாதிரி தெரிவதும் திணறுவதும் குறையும். 2019-லிருந்து என்விடியா கார்டுகளும் சாதாரண ஃபிரீசிங்க் மானிட்டர்களோடு வேலை செய்கின்றன, தனியாக விலை கூடிய ஜி-சிங்க் மானிட்டர் தேட வேண்டாம். பழைய என்விடியா கார்டு என்றால் டிஸ்ப்ளே போர்ட் (எச்டிஎம்ஐ மாதிரி இன்னொரு கேபிள் இணைப்பு) வழியாக இணைத்தால்தான் இது நடக்கும். சுமாரான கார்டு வைத்திருப்பவருக்குத்தான் இந்த வசதி அதிகம் தேவை, ஏனென்றால் ஃபிரேம் ஏறி இறங்குவது அவரிடம்தான் அதிகம். இருந்தால் போதும் என்று விடாமல், எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை வேலை செய்யும் என்று பாருங்கள். பெரும்பாலும் 48 ஹெர்ட்ஸிலிருந்து ஆரம்பிக்கும்.

பெட்டியில் பெரிதாக 1 மில்லிசெகண்ட் என்று போட்டிருப்பார்களே, அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதில் இரண்டு விதம் உண்டு. ஜிடிஜி என்று போட்டிருந்தால் ஒரு பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பல் நிறத்துக்கு மாற எடுக்கும் நேரம். அதுவும் பிக்சலை விரட்டி வேகமாக மாறவைக்கும் ஓவர்டிரைவ் என்ற செட்டிங்கை உச்சத்தில் வைத்து அளந்திருப்பார்கள், அப்படி வைத்து விளையாடினால் ஓடும் பொருளைச் சுற்றி வெளிறிய நிழல் வரும். எம்பிஆர்டி என்று போட்டிருந்தால் அது வேறு கணக்கு, பின்விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றி மங்கலைக் குறைக்கும் முறையில் வருவது. அதைப் போட்டால் வெளிச்சம் குறையும், பல மானிட்டர்களில் அடாப்டிவ் சிங்க்கும் கூடவே அணைந்துவிடும். ஓவர்டிரைவை நடுவில் வைத்துவிட்டு இந்த எண்ணை மறந்துவிடலாம்.

எச்டிஆர் என்றால் பளீர் வெளிச்சத்தையும் ஆழ்ந்த இருட்டையும் ஒரே காட்சியில் காட்டும் வசதி; அந்த ஸ்டிக்கருக்கும் குறைந்த விலை மானிட்டர்களில் அர்த்தம் குறைவு. எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், ஆனால் காட்டுவதற்கான வெளிச்சமும் கான்ட்ராஸ்ட்டும் இருக்காது. அந்த வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 250 நிட்ஸ் சாதாரண அறைக்குப் போதும், ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும் அறை என்றால் 300-க்கு மேல் பாருங்கள். எதை வாங்கினாலும் ஜன்னல் உங்கள் முதுகுக்கும் வேண்டாம், மானிட்டரின் முதுகுக்கும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும்.

நிறம் பற்றி ஒரு வரி: எஸ்ஆர்ஜிபி (கணினிகளில் பொதுவாகப் பயன்படும் நிறங்களின் தொகுப்பு) 95 சதவீதத்துக்கு மேல் என்று போட்டிருந்தால் போட்டோ, சின்ன டிசைன் வேலைக்கெல்லாம் தாராளம்.

இனி யாரும் அதிகம் பேசாத ஸ்டாண்டுக்கு வருகிறேன். விலை குறைந்த மானிட்டர்களில் முதலில் கை வைப்பது இதில்தான். முன்னும் பின்னும் சாய்க்கலாம், உயரம் ஏற்ற முடியாது. உட்கார்ந்து நேராகப் பார்த்தால் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது கொஞ்சம் கீழே இருக்க வேண்டும், கையை நீட்டினால் விரல் தொடும் தூரத்தில் திரை இருக்க வேண்டும். பெரும்பாலான ஸ்டாண்டுகளில் திரை இதைவிடத் தாழ்வாகத்தான் நிற்கும், நாம் தலையைக் குனிந்தே எட்டு மணி நேரம் வேலை பார்ப்போம், கழுத்து வலிக்கு ஆயின்மென்ட் தேடுவோம். உயரம் மாற்றும் ஸ்டாண்டோடு வருகிற மாடல் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கூட என்றால் தயங்காமல் கொடுங்கள் என்பது என் கருத்து. ஹெர்ட்ஸில் மிச்சம் பிடித்தாவது கொடுங்கள். முடியவில்லையா, மானிட்டரின் முதுகில் வெசா துளைகள் நான்கு இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், 75 அல்லது 100 மில்லிமீட்டர் சதுரம். இருந்தால் பின்னால் எப்போது வேண்டுமானாலும் மானிட்டரைத் தாங்கும் ஆர்ம் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டலாம். அதுவரை இரண்டு கனமான டெலிபோன் டைரக்டரி கிடைத்தாலும் போதும், கெட்டி அட்டைப் புத்தகம் எதுவானாலும் சரி, அடியில் வையுங்கள்.

கண் வலிக்கு நீல ஒளிதான் காரணம் என்று விளம்பரம் செய்து தனியாக மோடு வைத்திருப்பார்கள். ஆனால் திரை பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது, கண் காய்ந்துபோகிறது, அசதிக்கு முக்கியக் காரணம் அதுதான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 வினாடி பாருங்கள், காசில்லாத மருந்து. மானிட்டரில் நீங்கள் தேட வேண்டியது ஃப்ளிக்கர் ஃப்ரீ என்ற சொல். வெளிச்சத்தைக் குறைக்கும்போது விளக்கை அணைத்து அணைத்துப் போடாமல் நேராகவே மங்கலாக்கும் வகை அது, ராத்திரி குறைந்த வெளிச்சத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகவே உதவும்.

கேபிள் விஷயத்தில் ஏமாறாதீர்கள். டிஸ்ப்ளே போர்ட் இருக்கிறதா, எச்டிஎம்ஐ எந்தப் பதிப்பு என்று வாங்கும் முன்பே பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 உள்ள பழைய லேப்டாப்பில் ஃபுல் எச்டி 120 ஹெர்ட்ஸ் வரைதான் போகும்; 2கேயில் 144 வேண்டும் என்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் வேண்டும். சில மானிட்டர்களில் எச்டிஎம்ஐயில் 144-ம் டிஸ்ப்ளே போர்ட்டில் மட்டும் 180-ம் வரும், ஆனால் பெட்டிக்குள் எச்டிஎம்ஐ கேபிளை மட்டும்தான் வைத்திருப்பார்கள். ஸ்பீக்கர் உள்ளே இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

விலை மாதத்துக்கு மாதம் ஆடும், தீபாவளி சமயம் நன்றாக இறங்கும். ஏறத்தாழச் சொல்வதானால் 24 இன்ச், ஃபுல் எச்டி, ஐபிஎஸ், 100 ஹெர்ட்ஸ் 7,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைத்துவிடும். இதே அளவில் 144-க்கு மேல் வேண்டுமென்றால் இரண்டாயிரம் கூட ஆகலாம். 27 இன்ச் 2கே ஐபிஎஸ் 15,000-லிருந்து 20,000 வரை. முதல் மானிட்டர், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை என்றால் நான் முதல் வகையைத்தான் கை காட்டுவேன். நல்ல கார்டு இருந்து, இரண்டு ஃபைலைப் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வேலை பார்ப்பவர் என்றால் மூன்று மாதம் பொறுத்தாவது 27 இன்ச் 2கே வாங்குங்கள் என்பேன். இடைப்பட்ட விலையில் வருகிற 27 இன்ச் ஃபுல் எச்டிதான் எல்லோரையும் இழுக்கும், தங்கையையும் அதுதான் இழுத்தது.

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நேரில் பார்த்து வாங்க முடியும் என்பது பெரிய வசதி. போகும்போது ஒரு பென்டிரைவில் இரண்டு மூன்று பக்கத் தமிழ் பிடிஎஃப் ஒன்றும், முழுக் கறுப்பு, முழு வெள்ளை, முழுச் சாம்பல் படங்களும் எடுத்துப்போங்கள். பிடிஎஃப்பை நீங்கள் வழக்கமாகப் படிக்கும் அளவில் திறந்து, வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து படித்துப் பாருங்கள். புள்ளிகள் தனியாகத் தெரிகின்றனவா, சுழிகள் திறந்திருக்கின்றனவா என்று. கறுப்பில் ஓரங்களில் ஒளி கசிவதும், வெள்ளையில் செத்த பிக்சல்களும், சாம்பலில் திட்டுத் திட்டான அழுக்கு மாதிரியான நிழலும் தெரிந்துவிடும். ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றே இதைச் செய்யுங்கள், ஏனென்றால் ஒன்றிரண்டு செத்த பிக்சலுக்கு பல நிறுவனங்கள் வாரண்டியில் மாற்றித் தருவதில்லை, ரிட்டர்ன் நாட்களுக்குள் கண்டுபிடித்தால்தான் உண்டு. பல பிராண்டுகள் 3 ஆண்டு வாரண்டி தருகின்றன. வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா, உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பெட்டியையும் தெர்மோகோலையும் எடைக்குப் போட்டுவிடாமல் வாரண்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள்.

மானிட்டர் வந்து மாட்டியதும் முதல் வேலை, விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று வரிசையாகப் போய் ரிஃப்ரெஷ் ரேட் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். பல சமயம் 60-லேயே நின்றிருக்கும், நீங்களாக மாற்றினால்தான் மாறும். 144 ஹெர்ட்ஸ் வாங்கி வருடக்கணக்கில் 60-லேயே ஓட்டிக்கொண்டிருந்த நண்பர்கள் வீட்டில் நானே மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மாற்றிவிட்டு மவுஸை ஒரு வட்டம் சுற்றிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.